கெடு இல்லாத கோல்

பாரசீக சிம்மாசனத்தை ஆள்மாறாட்டத்தால் கைப்பற்றியிருந்த ஒருவனைக் கொன்று முடித்த ஏழு பிரபுக்கள், அந்தக் கலவரம் ஓய்ந்த சில நாட்களுக்குள் ஒன்றுகூடி, இனி இந்த ராஜ்யத்தை எவ்விதம் ஆளுவது என்று தர்க்கம் செய்தார்கள் எனக் கிரேக்க சரித்திராசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். கி.மு. 522-ல் நடந்ததாக அவர் கூறும் அந்தத் தர்க்கத்தில், ஒட்டானிஸ் என்பவர் ஜனங்கள் பலரும் கூடி ஆளவேண்டும் என்றார். மெகபைசஸ் என்பவர் தகுதி வாய்ந்த சிலர் ஆளட்டும் என்றார். தாரியஸ் என்பவரோ, உத்தமனான ஒருவன் ஆளுவதைக் காட்டிலும் மேலான ஏற்பாடு உலகில் உண்டா என்று கேட்டார். எஞ்சிய நால்வரும் தாரியஸின் பக்கம் சாய்ந்தார்கள். விரைவில் அவரே மன்னராகவும் ஆனார். பாரசீகர்கள் இப்படியெல்லாம் பேசியிருப்பார்களா என்று அக்காலத்துக் கிரேக்கர்களிலேயே சிலர் சந்தேகப்பட்டார்கள். பேச்சு கற்பனையே ஆனாலும், அதில் எழுந்த வினா கற்பனையன்று. இருபத்தைந்து நூற்றாண்டுகளாக மனித சமூகம் அதே வினாவைத்தான் வெவ்வேறு பாஷைகளில் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த மூவரில் தோற்றுப்போன ஒட்டானிஸின் வாதத்தை ஊன்றிக் கவனித்தால் ஒரு விசேஷம் புலப்படும். அரசர்கள் கெட்டவர்கள் என்று அவர் வாதிடவில்லை. உலகத்திலேயே உத்தமனான ஒருவனைக் கொண்டுவந்து அந்த ஆசனத்தில் அமர்த்தினாலும், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத அந்த நிலையே அவனுடைய புத்தியைப் பழைய தடத்திலிருந்து விலக்கிவிடும் என்பதுதான் அவருடைய கட்சி. தாரியஸ் ஆளுகிறவனின் குணத்தைப் பற்றிப் பேசினார். ஒட்டானிஸ் ஆசனத்தின் குணத்தைப் பற்றிப் பேசினார். ஜனநாயகத்துக்கும் எதேச்சாதிகாரத்துக்கும் உள்ள வழக்கை ஒருவரா பலரா என்ற எண்ணிக்கை வழக்காகவே நாம் பெரும்பாலும் விசாரித்து வந்திருக்கிறோம். ஆளுகிறவர் எப்போது இறங்குவார், இறங்கும்போது யாரிடம் கணக்கு ஒப்படைப்பார் என்று கேட்டால், சரித்திரம் இன்னும் தெளிவாக விடை சொல்லுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. தமிழில் தவணைக்குக் 'கெடு' என்று ஒரு பெயர் உண்டு. அழிவைக் குறிக்கும் வினையும் அதுவேதான். இரண்டு பொருளும் ஒரே சொல்லில் வந்து நிற்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அரசியலில் அவ்விரண்டும் வெகு அருகில் வசிப்பவை.

ஏதென்ஸ் நகரத்தின் தடிகளும் சாவிகளும்

கி.மு. 561-ஐ ஒட்டிய ஒரு நாளில், ஏதென்ஸ் நகரத்துக் கடைவீதிக்குள் ஒரு வண்டி வேகமாக வந்து நின்றது. வண்டியில் இருந்த பெய்சிஸ்டிராட்டஸின் உடம்பிலும், வண்டி இழுத்த கோவேறு கழுதைகளின் உடம்பிலும் காயங்கள் இருந்தன. பகைவர்கள் தம்மைக் கொல்ல முயன்றதாக அவர் முறையிட்டார். காயங்களை அவரே உண்டாக்கிக்கொண்டார் என்பது ஹெரோடோட்டஸ் தரும் செய்தி. மக்கள் மனமிரங்கி, அவருக்கு மெய்க்காவலாகத் தடி ஏந்திய ஆட்களை அளித்தார்கள். அந்தத் தடிக்காரர்களைக் கொண்டே அவர் நகரத்தின் கோட்டைக் குன்றைப் பிடித்துத் தனியாட்சியை நிறுவினார். எதேச்சாதிகாரம் வெளியிலிருந்து கதவை உடைத்துக்கொண்டு வரும் என்று எண்ணுகிறோம்; விவரமாகப் பதிவான இந்தப் பழைய உதாரணத்திலோ, தடிகளை அளித்தவர்கள் மக்களே. அளித்தபோது எத்தனை நாளைக்கு என்று கேட்க மறந்துபோனார்கள், அவ்வளவுதான்.

அந்த மறதிக்குப் பரிகாரம் தேடுவதுபோல் அமைந்தது, கி.மு. 508-ல் கிளைஸ்தனிஸ் தொடங்கிவைத்து அடுத்த நூற்றாண்டில் முதிர்ந்த ஏதென்ஸின் ஜனநாயகம். ஐந்நூறு பேர் கொண்ட ஆலோசனைச் சபையின் அங்கத்தினர்கள் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்; பதவி ஓராண்டுக்குத்தான்; ஆயுளில் இரண்டு முறைக்கு மேல் ஒருவர் அங்கு அமர முடியாது. சபையின் அன்றாடத் தலைவராகச் சீட்டில் வந்தவர், கோயில் பொக்கிஷங்களின் சாவியையும் நகரத்தின் முத்திரையையும் ஓர் இரவும் ஒரு பகலும் வைத்திருப்பார். மறுநாள் அவை வேறொருவர் கைக்குப் போய்விடும். ஆயுளில் மறுபடி அவருக்கு அந்தப் பேறு கிடையாது. பதவி முடிந்து இறங்கும் ஒவ்வோர் அதிகாரியும் கணக்கு ஒப்படைத்தாக வேண்டும். ஒருவர் மிதமிஞ்சி வளர்வதாகத் தோன்றினால், ஓட்டுச் சில்லில் அவர் பெயரைக் கீறி, பத்தாண்டுக் காலத்துக்கு ஊரைவிட்டு அனுப்பவும் வழி இருந்தது. அந்தத் தண்டனைக்கும் கெடு உண்டு, சொத்து பறிபோவதில்லை.

ஆயினும் ஏதென்ஸைப் போற்றுகிறவர்கள் மறைக்கக் கூடாத விஷயங்கள் உண்டு. பெண்களுக்கும், அடிமைகளுக்கும், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் அந்தச் சபையில் இடமில்லை. கி.மு. 406-ல், கடற்போரில் வென்று திரும்பிய தளபதிகள் புயலில் மூழ்கிய வீரர்களை மீட்கத் தவறினார்கள் என்ற கோபத்தில், அவர்களைத் தனித்தனியே விசாரிக்கவேண்டும் என்ற முறையையும் மீறி, ஒரே வாக்கில் மரணதண்டனை விதித்தது அந்தச் சபை. அன்றைக்கு முறைப்படி நிர்வாகக் குழுவில் அமர்ந்திருந்த சாக்ரடீஸ், சட்டத்துக்கு மாறான அந்தப் பிரேரணைக்கு உடன்பட மறுத்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, கி.மு. 399-ல், அதே நகரத்தின் நடுவர் கூட்டம் அவருக்கும் நஞ்சுக் கோப்பையை நீட்டியது. பலர் கூடினால் தவறு நேராது என்பது ஜனநாயகத்தின் வாதமாக இருந்தால், அந்த வாதம் ஏதென்ஸிலேயே தோற்றுவிட்டது என்று சொல்லவேண்டும்.

இந்தத் தோல்வியைக் கண்ணெதிரே கண்டவர் பிளேட்டோ. கப்பல் ஓட்டத் தெரிந்தவன் ஒதுக்கப்பட்டு, கூச்சல் போடும் மாலுமிகள் சுக்கானைப் பற்றுவதே ஜனநாயகம் என்று அவர் உவமித்தார். ஞானியே அரசனாக வேண்டும் என்றும், மிதமிஞ்சிய சுதந்திரத்தின் வயிற்றிலேதான் கொடுங்கோலன் பிறக்கிறான் என்றும் கூறினார். அந்தக் கொடுங்கோலன் முதலில் மக்களின் காவலனாகவே வருவான், வந்து மெய்க்காவலர்களைக் கேட்பான் என்று அவர் எழுதியபோது, பெய்சிஸ்டிராட்டஸின் தடிகள் அவர் நினைவில் இருந்திருக்கவேண்டும். ஆனால் ஞானியரசனை உண்டாக்கும் உத்தேசத்தோடு சிசிலித் தீவின் சிரக்யூஸ் நகரத்துக்கு அவர் சென்ற பிரயாணங்கள் விபரீதத்திலேயே முடிந்தன. அவருடைய மாணாக்கர் அரிஸ்டாட்டில் வேறு வழியில் சென்றார். ஒருவர் செலவில் நடக்கும் விருந்தைவிடப் பலரும் ஆளுக்கொன்று கொண்டுவந்து படைக்கும் விருந்து சிறந்திருக்கக்கூடும் என்றும், சமையலின் தராதரத்தைச் சமைத்தவரைவிடச் சாப்பிடுகிறவரே நன்கு அறிவார் என்றும் அவர் சொன்னார். மக்கள் சமைக்கத் தெரியாதவர்களாக இருக்கலாம். உப்புக் கூடிப்போனதைச் சொல்லத் தெரியாதவர்கள் அல்லர்.

செங்கோலும் குடவோலையும்

நம்முடைய பழைய இலக்கியம் இந்தப் பிரச்சினையை அறியாததன்று. வள்ளுவர் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் கொடுங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் அடுத்தடுத்து வைத்தார். இடித்துரைக்கும் பெரியோரைத் துணைகொள்ளாத மன்னன், பகைவர் இல்லாவிட்டாலும் அழிவான் என்று எச்சரித்தார். மனுநீதிச் சோழன் வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்கியது. தன் தீர்ப்புப் பிழை என்று கண்ணகியின் சிலம்பு காட்டிய கணத்திலேயே பாண்டியன் உயிர் நீத்தான். மகத்தான கதைகள், ஆனால் இவற்றில் அநீதிக்குப் பரிகாரம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், மன்னனுடைய மனச்சாட்சிக்குள்ளேயேதான் இருக்கிறது. மணியடித்தும் எழுந்து வராத சோழனையும், சிலம்பு உடைந்த பிறகும் நாணாத பாண்டியனையும் என்ன செய்வது என்பதற்கு அந்த மரபில் விடையில்லை.

அந்த விடையின் ஒரு கீற்றை, காவியங்களில் காணாவிட்டாலும், ஒரு கிராமத்துக் கோயிற் சுவரில் காணலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் உத்தரமேரூர்ச் சபையார் செய்துகொண்ட ஏற்பாடுகள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடவேண்டும். சபையில் இருந்த நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்டவேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலகனைக் கொண்டு ஓலை எடுப்பிக்கவேண்டும். அந்த ஓலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையிலே வாங்கி வாசிக்கவேண்டும். இப்படி அமைந்த ஏரி வாரியமும், தோட்ட வாரியமும், சம்வத்சர வாரியமும் 360 நாட்களே பணியாற்றும். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் பெயரைக் குடத்தில் இடலாகாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் இருந்தவரோடு அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டவர்கள்.

இதை ஜனநாயகம் என்று கொண்டாடிப் பூரிப்பது மிகை. அது பிராமணர்களின் சபை. நிலமும், சொந்த மனையும், வேதப் பயிற்சியும் உள்ள ஆடவர்களுக்கு மட்டுமே உரியது. ஊருக்கு வெளியே உழுதவர்களின் பெயர் அந்தக் குடத்தில் விழவேயில்லை. மேலே சோழ மன்னனின் கோல் தனிக்கோலாகவே நின்றது. எனினும் கெடுவும் கணக்கும் இல்லாத பதவி ஆபத்தானது என்ற அறிவு, ஏதென்ஸின் பெயரைக்கூடக் கேட்டிராத ஓர் ஊரில் தானாகவே தோன்றியிருக்கிறது. குளத்து மதகையும் தோட்டத்து வரியையும் நிர்வகித்த அனுபவத்திலேயே அதைக் கற்றுக்கொண்டார்கள் போலும்.

ரோமாபுரி கண்ட ஆறு மாதம்

எதேச்சாதிகாரத்தைச் சட்டத்துக்குள்ளேயே கட்டிவைத்துப் பார்த்த நாடு ரோம். அரசர்களைத் துரத்திய பிறகு, ஓராண்டுப் பதவியில் இரண்டு கான்சல்களை ஒருவருக்கொருவர் தடையாக வைத்த அந்தக் குடியரசு, பேராபத்து நேரும்போது இருவர் பேசி முடிவெடுக்க அவகாசம் இராது என்பதையும் உணர்ந்திருந்தது. ஆகவே குறித்த ஒரு காரியத்துக்காக, ஆறு மாதத்துக்கு மேற்படாமல், ஒருவருக்குச் சகல அதிகாரமும் கொடுத்து 'டிக்டேட்டர்' என்று பெயரிட்டது. கி.மு. 458-ல், வயலில் உழுதுகொண்டிருந்த சின்சினாட்டஸ் அழைத்துவரப்பட்டுச் சர்வாதிகாரியானார் என்றும், முற்றுகையில் சிக்கிய படையை மீட்டுவிட்டுப் பதினாறாம் நாளே பதவியை விட்டு வயலுக்குத் திரும்பினார் என்றும் ரோமானிய மரபு போற்றுகிறது. சர்வாதிகாரி என்ற சொல் அன்றைக்கு வசைச் சொல்லன்று.

அது வசைச் சொல்லான கதை சுருக்கமானது. கி.மு. 82-ல் சுல்லா காலவரையறை இல்லாமல் அந்தப் பதவியைப் பெற்றார்; எதிரிகளின் பெயர்களைப் பட்டியலிட்டு ஒட்டி, கொல்பவர்களுக்குப் பரிசளித்தார்; பிறகு தாமாகவே விலகினார். அவர் விலகியதை உலகம் மறந்தது. கெடு இல்லாமல் ஏற முடியும் என்று அவர் காட்டியதை மறக்கவில்லை. ஜூலியஸ் சீசருக்குப் பத்தாண்டுக்கும், பிறகு கி.மு. 44-ன் தொடக்கத்தில் ஆயுட்காலத்துக்கும் சர்வாதிகாரம் அளிக்கப்பட்டது. உயிரோடிருக்கும் மனிதனின் முகம் நாணயத்தில் பொறிக்கப்படும் வழக்கமே இல்லாத ரோமில், அவருடைய முகத்தோடு 'நிரந்தர சர்வாதிகாரி' என்ற வாசகமும் சேர்ந்த வெள்ளிக்காசுகள் புழங்கின. அந்தக் காசுகள் பல கை மாறுவதற்குள், மார்ச் 15-ல் அவர் குத்துண்டு விழுந்தார். கெடு வைக்காத ஆட்சிக்குக் கத்திதான் கெடு என்பது அன்று தெரிந்தது. கத்தியால் குடியரசு பிழைக்காது என்பது அகஸ்டஸ் பேரரசராக எழுந்தபோது தெரிந்தது. பிற்காலத்தில் இதை ஆராய்ந்த மாக்கியவெல்லி, குறித்த காலத்துக்கு முறைப்படி கொடுக்கப்பட்ட சர்வாதிகாரம் ரோமுக்குக் கேடு செய்யவில்லை என்றும், முறை தவறிப் பற்றிய அதிகாரமே கேடு செய்தது என்றும் எழுதியது சிந்திக்கத்தக்கது.

அச்சத்தின் தத்துவமும் நம்பிக்கையின் தத்துவமும்

நவீன ஐரோப்பாவில் எதேச்சாதிகாரத்துக்காக வாதாடியவர்களில் தலைசிறந்தவர் ஹாப்ஸ். உள்நாட்டுப் போரில் இங்கிலாந்து சிதறியதையும், 1649-ல் மன்னனின் தலை வெட்டுண்டதையும் கண்டு, 1651-ல் 'லெவையதன்' என்ற நூலை வெளியிட்ட அவர், மன்னர்கள் தெய்வாம்சம் பொருந்தியவர்கள் என்று சொல்லவில்லை. ஒருவரையொருவர் கொன்றுவிடுவார்களோ என்ற அச்சத்தில் வாழும் மனிதர்கள், உயிர்ப் பாதுகாப்புக்காகத் தங்கள் உரிமைகளை எல்லாம் ஓர் அதிபதியிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள்; ஒப்படைத்ததைத் திரும்பக் கேட்க முடியாது என்றார். கலகத்தில் வீடிழந்து, பிள்ளையைப் பறிகொடுத்த எவரும் இந்த வாதத்தைக் கேட்டுச் சிரிக்கமாட்டார்கள். அராஜகத்தைவிடக் கொடுங்கோல் மேல் என்ற நினைப்பு ஏழை எளியவர்களிடமும் உண்டு. அதை அறியாமை என்று தள்ளுகிற ஜனநாயகவாதிக்கு அராஜகம் இன்னதென்று தெரியாது.

லாக் அதற்கு மறுமொழி கூறினார்: அதிகாரம் அறக்கட்டளைச் சொத்தைப் போன்றது, நம்பிக்கை மோசம் போனால் கொடுத்தவர்கள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். 1748-ல் மாண்டெஸ்க்யூ, அதிகாரத்தை அதிகாரமே தடுத்து நிறுத்தும்படி சட்டம் இயற்றுவோர், நடத்துவோர், தீர்ப்பளிப்போர் என்று பிரித்துவைக்கச் சொன்னார். 1762-ல் ரூசோ, மக்களின் பொதுச்சித்தமே மேலான அதிபதி என்று முழங்கியதோடு, பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் நாளில் மட்டும் சுதந்திரர்களாயிருந்து மறுநாளே அடிமைகளாகும் ஆங்கிலேயர்களைப் பரிகசிக்கவும் செய்தார். அந்தப் பரிகாசம் இன்றும் நம் முகத்தில் அறைவது. ஆயினும் பொதுச்சித்தம் இதுதான் என்று சொல்லும் உரிமையை யாராவது ஒருவர் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை ரூசோ வாழ்ந்த பிரான்ஸ் தேசமே தன் புரட்சியில் விரைவில் உலகுக்குக் காட்டியது.

இந்த வரிசையில் மில் நமக்கு மிக அருகில் வருகிறார், நெருடுகிறவரும் அவரே. நல்ல கொடுங்கோலன் ஒருவன் கிடைத்தால் அதைவிட மேலென்ன என்ற வாதத்தை அவர் மறுத்தார்; மக்களின் காரியம் அனைத்தையும் ஒருவனே நன்றாகச் செய்துகொடுத்தால், யோசிக்கவும் முயலவும் மறந்த ஒரு ஜனத்திரளே மிஞ்சும் என்றார். ஆனால் சுதந்திரத்தைப் பற்றி 1859-ல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் தொடக்கத்திலேயே, இன்னும் பக்குவப்படாத ஜாதியாரை முன்னேற்றுவதற்கு எதேச்சாதிகாரம் ஏற்றதே என்று ஒரு விலக்கும் வைத்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் காரியாலயத்தில் உத்தியோகம் பார்த்தவர் அவர். பக்குவம் வந்துவிட்டது என்று முடிவு செய்வது யார், என்றைக்கு? அந்த விலக்குக்குக் கெடு எதுவும் குறிக்கப்படவில்லை. 1919-ல், யுத்தகாலத்து அடக்குமுறையைச் சமாதான காலத்துக்கும் நீட்டிய ரௌலட் சட்டம் வெளியானபோது, சென்னையில் ராஜாஜியின் இல்லத்தில் விருந்தினராக இருந்த காந்தியடிகளுக்கு ஹர்த்தால் என்ற யோசனை உதித்தது, அந்தக் கெடுவற்ற பாதுகாவலுக்கு இந்த தேசம் கொடுத்த மறுமொழிகளில் ஒன்று.

வாக்குப் பெட்டி வழியாக

வாக்குரிமை விரிந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில், எதேச்சாதிகாரமும் வேஷத்தை மாற்றிக்கொண்டது. 1848 டிசம்பரில் ஆடவர் அனைவரும் வாக்களித்து, ஏறத்தாழ முக்கால் பங்கு வாக்குகளோடு லூயி நெப்போலியனைப் பிரெஞ்சுக் குடியரசின் தலைவராக்கினார்கள். நான்காண்டே பதவி, தொடர்ந்து மறுமுறை நிற்கக் கூடாது என்று அரசியல் சட்டம் விதித்திருந்தது. அந்த விதியைத் திருத்தும் முயற்சி சட்டசபையில் தோற்ற பிறகு, 1851 டிசம்பர் 2-ல் அவர் படைகளைக் கொண்டு சபையையே கலைத்தார். பிறகு, இதற்கு உங்கள் சம்மதம் உண்டா என்று ஜனங்களைக் கேட்டார். எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆம் என்றார்கள். சரியாக ஓராண்டில் அவர் சக்கரவர்த்தியானார். மக்களின் வாக்கைக் கொண்டே மக்களின் வாக்குரிமையைப் பயனற்றதாக்கும் வித்தை அன்று கைவந்தது.

ரஷ்யாவில் அந்த வித்தைக்கு வேறொரு பெயர் கிடைத்தது. பாட்டாளி வர்க்க சர்வாதிகாரம் என்பது ஓர் இடைக்கால ஏற்பாடு என்றே மார்க்ஸியம் போதித்தது. 1918 ஜனவரியில், முறையாகத் தேர்தல் நடந்து கூடிய அரசியல் நிர்ணய சபையை ஒரே நாளில் கலைத்த போல்ஷ்விக்குகள் தொடங்கிய இடைக்காலம், 1991-ல்தான் முடிந்தது. இடைக்காலம் என்று சொன்னவர்கள் தேதியைச் சொல்லவில்லை.

ஆனால் தேதி சொன்னாலும் போதாது என்பதை ஜெர்மனி காட்டியது. 1919-ல் வைமார் நகரில் வகுக்கப்பட்ட அரசியல் சட்டம் அக்காலத்தின் மிகச் சிறந்த சட்டங்களில் ஒன்று. அதன் 48-வது பிரிவு, ஆபத்துக் காலத்தில் குடியரசுத் தலைவர் உத்தரவுகளாலேயே ஆள வழிவிட்டிருந்தது. 1930 முதல் பாராளுமன்றத்தில் பெரும்பான்மை கூடாத மந்திரிசபைகள், அந்தப் பிரிவை ஊன்றுகோலாகக் கொண்டே நடந்தன. 1932 நவம்பர் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு வாக்கே பெற்றிருந்த ஹிட்லரை, 1933 ஜனவரி 30-ல் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் பிரதமராக நியமித்தார். பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றிய மறுநாளே குடிமக்களின் அடிப்படை உரிமைகள் நிறுத்திவைக்கப்பட்டன. மார்ச் 23-ல், தற்காலிகமாக ஒரு நாடகக் கொட்டகையில் கூடிய சபையில், சீருடை அணிந்த கட்சிப் படையினர் சுற்றி நிற்க, மந்திரிசபையே சட்டம் இயற்றலாம் என்ற மசோதா வாக்குக்கு வந்தது. கம்யூனிஸ்டு உறுப்பினர்கள் உள்ளேயே வர முடியவில்லை. சமூக ஜனநாயகக் கட்சியின் ஓட்டோ வெல்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார். எதிர்த்து வாக்களித்தவர்கள் 94 பேர். ஆதரித்தவர்கள் 444 பேர். அந்தச் சட்டத்துக்கு நான்காண்டுக் கெடு உண்டு என்பதைப் பலர் அறியார். ஆதரித்தவர்களில் எத்தனையோ பேர் அந்தக் கெடுவை எண்ணியே மனத்தைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். நான்காண்டு முடிந்தபோது, அதை நீட்டிப்பதா வேண்டாமா என்று கேட்கச் சுதந்திரமான ஒரு சபையும் இல்லை, பத்திரிகையும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. கெடு காகிதத்தில் இருந்தது. கெடுவைக் காக்கும் கைகள் இல்லாமற் போயிருந்தன.

நம் அனுபவம்

1949 நவம்பர் 25-ல் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், சமய வாழ்வில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் பக்தியோ வீழ்ச்சிக்கும் சர்வாதிகாரத்துக்கும் நிச்சயமான வழி என்று எச்சரித்தார். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1937-ல் கல்கத்தாவின் 'மாடர்ன் ரிவியூ' பத்திரிகையில் சாணக்கியன் என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஜவாஹர்லால் நேருவிடம் சர்வாதிகாரியாகும் கூறுகள் இருக்கின்றன, மறுபடியும் அவரைக் காங்கிரஸ் தலைவராக்கக் கூடாது என்று அது வாதித்தது. எழுதியவர் நேருவேதான்.

நேருவின் மகளார் பிரதமராயிருந்த 1975-ல், அந்த அம்மையாரின் தேர்தல் செல்லாது என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் ஜூன் 12-ல் தீர்ப்பளிக்க, 25-ஆம் தேதி இரவு நெருக்கடி நிலைப் பிரகடனம் கையெழுத்தாயிற்று. மந்திரிசபைக்கு மறுநாள் காலையில்தான் அது தெரிவிக்கப்பட்டது. தில்லியில் பத்திரிகை அலுவலகங்களின் மின்சாரம் அன்றிரவு துண்டிக்கப்பட்டது. தலையங்கம் அச்சாகும் இடத்தை வெறுமையாக விட்டு 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' வெளிவந்தது. எழுத்துகளைவிட அந்த வெற்றிடத்தை ஜனங்கள் நன்றாகப் படித்தார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 1976 ஜனவரி 31-ல் தமிழ்நாட்டின் தி.மு.க. மந்திரிசபை கலைக்கப்பட்டது. காவலில் வைக்கப்பட்டவர் நீதிமன்றத்தை அணுகும் உரிமைகூட அக்காலத்தில் இல்லை என்று உச்சநீதிமன்றத்தில் நால்வர் தீர்ப்பளிக்க, எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். லோக்சபையின் ஐந்தாண்டு ஆயுள் நீட்டிக்கப்பட்டது. 42-வது திருத்தம் அதை ஆறாண்டாகவே ஆக்கியது. எதேச்சாதிகாரத்தின் கை முதலில் கடிகாரத்தின் முள்ளைத்தான் தொடுகிறது.

1977-ல் தேர்தல் நடந்தது. வட இந்தியாவில் காங்கிரஸ் வீழ்ந்தது. பிரதமரே தம் தொகுதியில் தோற்றார். இதை மக்கள் எல்லோரும் ஒருமனதாகச் சுதந்திரத்துக்கு அளித்த வாக்கு என்று சொல்வது அழகாயிருக்கும், உண்மையாயிராது. தமிழ்நாடு அன்று காங்கிரஸ் இருந்த அணிக்கே பெரும்பாலான இடங்களைத் தந்தது. பாடத்தைச் சட்டத்தில் எழுதிவைத்தது 1978-ன் 44-வது திருத்தம்: 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற நெகிழ்ந்த சொல்லுக்குப் பதிலாக 'ஆயுதக் கிளர்ச்சி' என்றது, மந்திரிசபையின் எழுத்துமூலமான ஆலோசனை வேண்டும் என்றது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாராளுமன்றம் மறுபடி ஒப்புதல் தரவேண்டும் என்றது. ரோமாபுரியின் அந்த ஆறு மாதம் வெகுதூரம் சுற்றி நம் அரசியல் சட்டத்துக்குள் வந்து சேர்ந்தது.

கடல் கடந்து இலங்கையில் நேர்ந்தது இதைவிட நுட்பமானது. 1977-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட பாராளுமன்றத்தின் காலம் முடிய இருந்தபோது, தேர்தலுக்குப் பதிலாக, இதே பாராளுமன்றம் மேலும் ஆறாண்டு இருக்கலாமா என்று 1982 டிசம்பர் 22-ல் மக்களைக் கேட்டார்கள். ஆம் என்பதற்கு விளக்குச் சின்னம்; இல்லை என்பதற்குப் பானைச் சின்னம். நூற்றுக்கு ஐம்பத்து நான்குக்குச் சற்று மேற்பட்டோர் விளக்குக்கு வாக்களித்தார்கள். யாழ்ப்பாணம் பானையின் பக்கமே நின்றது. அடுத்த ஆண்டு ஜூலையில் தமிழர்மீது படுகொலை நடந்தது. அதையடுத்து வந்த ஆறாவது திருத்தத்தின் சத்தியப் பிரமாணத்தை ஏற்க மறுத்த தமிழ் உறுப்பினர்கள் தங்கள் இடங்களை இழந்தார்கள். நீட்டிக்கப்பட்ட அந்தச் சபையில், வடபகுதி மக்களின் குரல் ஆண்டுக்கணக்கில் ஒலிக்கவேயில்லை. வாக்கெடுப்பு நடந்தது, பெரும்பான்மை கிடைத்தது, ஜனநாயகம் மட்டும் சுருங்கிற்று.

வேகமும் உண்மையும்

இவ்வளவுக்குப் பிறகும், எதேச்சாதிகாரம் காரியசித்தி உள்ளது, விரைந்து செய்வது, ஜனநாயகம் பேசிப்பேசியே பொழுதைப் போக்குவது என்ற அபிப்பிராயம் நம்மிடையே பலமாகவே இருக்கிறது. கட்டுப்பாடான ஆட்சியால் ஒரு தலைமுறைக்குள் செல்வம் கொழித்த சிங்கப்பூர் போன்ற உதாரணங்களை மறுக்கவேண்டிய அவசியமில்லை. ஆனால் வேகம் என்பது சரியான திசையில் போகும்போதுதான் லாபம். 1958 முதல் 1961 வரை சீனாவில் கோடிக்கணக்கானோர் பஞ்சத்தில் மடிந்தார்கள். விளைச்சல் குறைந்த செய்தியை மேலே சொல்லத் துணியாத அதிகாரிகள், பொய்க் கணக்குகளை அனுப்பினார்கள். அந்தக் கணக்கின்படியே தானியம் கொள்முதல் செய்யப்பட்டது. அந்நியர் ஆட்சியில் 1943-ல் வங்காளப் பஞ்சத்தைக் கண்ட இந்தியா, சுதந்திரத்துக்குப் பிறகு வறுமையை ஒழிக்காவிட்டாலும் அத்தகைய பெரும்பஞ்சத்தைக் காணவில்லை. பத்திரிகையும் எதிர்க்கட்சியும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் நேர்வதில்லை என்று அமர்த்தியா சென் எடுத்துக்காட்டியதன் காரணம் எளிது: பசித்தவன் கூச்சலிட்டால் அங்கே ஆட்சிக்கு ஆபத்து. அஞ்சத்தக்க மன்னனிடம் யாரும் கெட்ட செய்தி சொல்வதில்லை. இடித்துரைப்போர் இல்லாத மன்னனைப் பற்றி வள்ளுவர் சொன்னது அறவுரை மட்டுமன்று, நிர்வாக சாஸ்திரமும் ஆகும்.

ஆக, பலர் கூடினால் தவறு செய்யமாட்டார்கள் என்பது ஜனநாயகத்தின் பலமாக இருந்ததில்லை. சாக்ரடீஸே அதற்குச் சாட்சி. செய்த தவற்றைக் கண்டு சொல்ல ஆளும், திருத்திக்கொள்ள ஒரு தேதியும் அதில் உண்டு. அந்தத் தேதியைக் காப்பதற்கு வெல்ஸைப் போல் எழுந்து பேசும் உறுப்பினரும், கன்னாவைப் போல் தனித்து நிற்கும் நீதிபதியும், வெற்றிடத்தை அச்சிடும் பத்திரிகையும் வேண்டும். அவர்களும் இல்லாதபோது தேதி வெறும் எண்ணாகிவிடும். தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி வருகிறவர், தம்மைக் கொடுங்கோலன் என்று அறிமுகம் செய்துகொள்வதில்லை. ஆபத்து வந்திருக்கிறது என்பார். இன்னும் கொஞ்ச காலம் என்பார். சுற்றியிருப்பவர்கள், இவர் நல்லவர்தானே, இவருக்கெதற்குக் கட்டுப்பாடு என்பார்கள். அவர் உண்மையிலேயே நல்லவராகவும் இருக்கலாம்.

உத்தரமேரூரில் ஓலையை வாங்கிய மத்தியஸ்தனும் நல்லவனாகவே இருந்திருப்பான். நம்பத்தகாதவனை அந்தக் காரியத்துக்கு யார் நிறுத்துவார்கள்? அவனுடைய முகத்தைப் பார்த்து எழுதிய விதியாக இருந்தால், அவனுக்குப் பின் வந்தவனைக் கட்டுப்படுத்தியிராது. யார் வந்து நின்றாலும் ஐந்து விரலையும் அகல விரித்தே வாங்கவேண்டும் என்று கல்லில் வெட்டிவைத்துவிட்டு, அந்த ஊரார் ஏரிக்கரைக்குத் தங்கள் வேலையைப் பார்க்கப் போயிருக்கிறார்கள்.